மிளகாய் முட்டைக்கு ஒரு விதி

2 பிப்ரவரி 2025, ஞாயிறு
பகடை உருட்டிக் கதையாக ஆடும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இன்று பாதியில் நின்றது. முட்டை ஓட்டுக்குள் மிளகாய்த்தூள் அடைத்து, தோழி ரஞ்சனி ஆடும் வீராங்கனை என் அரக்கன் கண்ணில் எறிந்தாள். அப்படியோர் ஆயுதத்துக்கு என்னிடம் விதியே இல்லை. கதை நடத்துபவள் நான்தானே? அரக்கனைக் காப்பாற்ற, "அவன் கண்ண மூடிக்கிட்டான்" என்று சொல்லிவிட்டேன்.

"ஏம்பிள்ள, உன்ற அரக்கனுக்கு மட்டும் தனிச் சட்டமா?" ரஞ்சனி எழுந்து போய்விட்டாள். மூன்று வருடமாக ஒரு ஞாயிறு தவறாதவள்.

3 பிப்ரவரி
அவள் கேட்டது நியாயம். ஆனால் நிஜமாக எறிந்தால் என்ன ஆகும்? ஓடு எங்கே உடையும்? இது தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

5 பிப்ரவரி
அடுப்படி முட்டைகளை ஓட்டை போட்டு ஊதிக் காலி செய்து, கோதுமை மாவு அடைத்து, எங்கள் கோழிப்பண்ணைச் சுவரில் எறிந்தேன். பத்தில் ஏழு என் கையிலேயே நொறுங்கின! அப்படியானால் எறிபவளுக்குத்தான் ஆபத்து. அப்படியே விதி எழுதினேன்.

அம்மா: "ஊதி ஊதி வாய் கோணிக்கப் போகுது சாமி."

6 பிப்ரவரி
தம்பி தீனதயாளன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "அக்கா, நம்மூட்டு அடுப்படிக்கு வாரதெல்லாம் கெழட்டுக் கோழி முட்டை. ஓடு காயிதமாட்டம் இருக்கும். நல்லதெல்லாம் லோடு ஏறிருமில்ல?"

அட, கோழிப்பண்ணையில் பிறந்து வளர்ந்தும் நல்ல முட்டையை நான் உடைத்ததே இல்லை! லாரிக்கு அடுக்கியதில் பத்து எடுத்து, அதேபோல் மாவு அடைத்து எறிந்தேன். கையில் உடைந்தது ஒன்றுதான்.

7 பிப்ரவரி
மிளகாய்த்தூளோடு பார்க்காமல் விடுவேனா? காற்று என் பக்கம் திரும்பிடுச்சு. ஐயோ, எரியுது — எழுத முடியல.

8 பிப்ரவரி
கண் திறக்க அரைமணி ஆனது. ஆட்டத்தில் அவ்வளவு நேரம் என்றால் யார் பிழைப்பார்கள்?

விதி: தூள் பட்டவருக்கு இரண்டு சுற்று பார்வை கிடையாது. பகடையில் ஒன்று விழுந்தால் முட்டை கையிலேயே உடைந்து, எறிந்தவருக்கே அந்தக் கதி. அரக்கனுக்கும் விலக்கு இல்லை.

கடைசி வரியை எழுதத்தான் கை தயங்கியது. ரஞ்சனிக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள். நாளைக்கு வராவிட்டால்? அரக்கன் போனால் இன்னொருவனை உண்டாக்கிக்கொள்ளலாம். இவளுக்கு நான் எங்கே போவேன்?

9 பிப்ரவரி, ஞாயிறு
வந்தாள். விதியை இரண்டு முறை படித்தாள். முட்டையை எறிவதாகச் சொல்லிப் பகடையை உருட்டினாள்.

ஒன்று.

மறுபடி உருட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் துப்பட்டாவால் தன் கண்ணைக் கட்டிக்கொண்டாள்.

"ரெண்டு சுத்து எனக்குக் கண்ணு தெரியாது. அரக்கன் மூச்சு எந்தப் பக்கம் கேக்குது? நீயே சொல்லு பிள்ள."

"இடப்பக்கம். ரொம்பக் கிட்ட."

பகடையைத் தடவி எடுத்தாள். மறுபேச்சில்லாமல் இடப்பக்கமே வாளை வீசினாள்.