காரைக்காலுக்கு வைத்த ரோஸ் பொட்டு

சைகோன், 12 பிப்ரவரி 1955

என் ஜோசெட்,

நேற்று மேப் ஆபீசில் திட்டு வாங்கினேன். பதினாறு வருடமாக உலகப் படத்தில் பிரெஞ்சு மண்ணுக்கெல்லாம் ரோஸ் வண்ணம் தீட்டுகிறவன் நான். உன்னை நினைத்துக்கொண்டு முதல் பொட்டைக் காரைக்காலுக்குத்தான் வைப்பேன். புதுப் படத்திலும் கை அங்கேயே போய்விட்டது.

மேலதிகாரி கப்ரியேல், நம் புதுச்சேரிக்காரர்தான், "என்னய்யா, காரைக்கால் போன நவம்பர்லயே இந்தியாவோட சேர்ந்துடுச்சே? சுரண்டி எடு" என்றார். பிளேடால் சுரண்டினேன். இந்தச் சைகோனுக்கும் இனி ரோஸ் கிடையாதாம்.

குழைத்த வண்ணத்தைத் தென்துருவத்தில் ஒரு துண்டுப் பனிக்குத் தீட்டச் சொன்னார். எப்போதோ ஒரு கப்பல்காரன் கொடி நட்டதால் அது பிரான்சுக்குச் சொந்தமாம்.

"அங்க யாரு இருக்கா?" என்றேன்.

"பென்குயின்தான். அதனாலதான் அங்கேருந்து நம்மள யாரும் வெளிய போகச் சொல்லலை" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது.

நீ இருக்கிற ஊர் வெள்ளையாகக் கிடந்தது. யாருமே இல்லாத பனிக்குப் பகல் முழுவதும் வண்ணம் தீட்டினேன், ஜோசெட்.

ஈஸ்டருக்கு அப்பா வருவார் என்று சிமோனிடம் சொல்லிவைக்காதே. காகிதத்தில் பிரெஞ்சுக்காரனான நான் நம் வீட்டுக்கு வர இனி விசா வாங்க வேண்டுமாம்.

உன் வீட்டுக்காரன்