நினைவு நாளுக்கு நாலு வரி

ஜூன் 5, 1996

இறால் உரிக்கிற ஷெட்டில் இன்று சரக்குக் குறைவு. மூன்று பேசின் உரித்ததும் போகச் சொல்லிவிட்டார்கள். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு வாசகசாலைக்குப் போனேன். உள்ளே முழுக்க ஆண்கள். செருப்பைத் தேடுகிறவள்போல் வாசலிலேயே குனிந்து நின்றேன். எவ்வளவு நேரம்தான் ஒருத்தி செருப்பைத் தேடுவாள்? கடைசியில் போய் உட்கார்ந்தேன். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வாரப் பத்திரிகைகளின் முகவரிகளை நோட்டில் எழுதினேன். ஒன்பது கிடைத்தன. ‘சன்மானம் உண்டு’ என்று அச்சிட்டிருப்பது மூன்றில்தான். சிறுவர் பத்திரிகை ஒன்று, கதை வந்தால் இரண்டு பிரதி அனுப்புமாம். இரண்டு பிரதியை அம்மா குழம்பா வைப்பாள்?

ஜூன் 9

ஏஜெண்ட் சிரில் வீட்டுக்கு வந்தார். குஜராத்தில் வேராவலில் இறால் கம்பெனி. தங்க இடம், சாப்பாடு, மாதச் சம்பளம். ஆகஸ்ட் முதல் தேதி ரயில். எங்கள் தெருவிலிருந்தே பன்னிரண்டு பெண்கள் போகிறார்கள். என் தோழி எல்சியும் போகிறாள். போன வருடம் போய் வந்த ஷீபா இன்னும் இருமுகிறாள். ஐஸ் அறையில் பத்து மணி நேரம்.

அப்பா முதுகைச் சுவரில் சாய்த்தபடி சிரிலின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் படகில் விழுந்து முதுகு போன வருடம்தான் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். அவரால் என்ன சொல்ல முடியும்?

நான் போக மாட்டேன் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“போகாம? எழுதிக் கிழிக்கப் போறியா?” என்றாள் அம்மா. பிறகு, சிரில் போன பிறகு, மெதுவாக: “எழுத்துல காசு வரும்னா வழியைக் காட்டு. ரயில் கிளம்பறதுக்குள்ள காட்டு. கதை விடாத.”

ஜூன் 11

சன்மானம் தரும் மூன்றில் ஒன்றான கோட்டயம் பத்திரிகைக்குக் கதை அனுப்பினேன். திருப்பி அனுப்பத் தபால்தலையும் வைத்தேன்.

ஜூன் 22

விசைப்படகுகளுக்கு மழைக்கால டிராலிங் தடை தொடங்கியதிலிருந்து படகில்லை, இறாலில்லை, ஷெட்டில்லை. கோட்டயத்திலிருந்து அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. ‘பரிசீலிக்க ஆறு மாதம் ஆகும்.’ ரயில் ஆறு மாதம் நிற்குமா?

மற்ற இரண்டு பத்திரிகைகளுக்கும் வீட்டுக் குறிப்பு, துணுக்கு எல்லாம் அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை.

ஜூன் 27

ரோஸிலி சேச்சியோடு தோப்பும்படிக்குப் போனேன். ஷெட்டில் எனக்கு அடுத்த பலகை அவளுடையது. அவள் கணவர் செபஸ்தி கடலில் இறந்து, வருகிற ஏழாம் தேதியோடு ஒரு வருடம். பத்திரிகையில் நினைவு நாள் விளம்பரம் கொடுக்க வேண்டும். போட்டோ, பெயர், கீழே நாலு வரிக் கவிதை.

பத்திரிகை ஏஜெண்ட் ஜோப் சேட்டன் ஒரு பழைய நோட்டை நீட்டினார். நாற்பது கவிதைகள், எண் போட்டு. அம்மாவுக்குப் பதினேழு, கணவனுக்கு நாலு அல்லது இருபத்தொன்று, குழந்தைக்கு முப்பது. “எல்லாரும் நாலாம் நம்பர்தான் போடறாங்க. சீக்கிரம் சொல்லு சேச்சி.”

சேச்சி எல்லாவற்றையும் வாசித்தாள். “இதுல எதுவும் அந்த ஆளு இல்லையே.”

“செத்தவங்க எல்லாரும் ஒண்ணுதான்.”

“உங்க வீட்டுல அப்படி இருக்கும்!”

அவள் கண் கலங்கிவிட்டது. நான் கையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி அவளிடம் கொடுத்தேன். அந்த மனிதர் ரேடியோவோடு சண்டை போடுவது எங்கள் வீடு வரை கேட்கும்.

*ரேடியோவைத் திட்டுவாய், கடலைத் திட்டமாட்டாய்.
ஒரு வருடமாய் ரேடியோ
தன்பாட்டுக்குப் பாடுகிறது.
திட்ட ஆளில்லை.*

சேச்சி மேஜைமேல் தலையை வைத்து அழுதாள். ஜோப் சேட்டன் டிக்கெட்டை இரண்டு தடவை வாசித்துவிட்டு, “யார் எழுதினது?” என்றார். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். சேச்சி அழுகையோடே என் பக்கம் விரல் நீட்டினாள்.

ஜூலை 8

சேச்சியின் விளம்பரம் நேற்று வந்துவிட்டது! இன்று ஜோப் சேட்டன் ஆள் அனுப்பினார். நோட்டில் பிடிக்காதவர்களுக்கு நான் எழுத வேண்டுமாம், ஒன்றுக்கு இருபது ரூபாய். ஒன்பது முகவரிகளில் இல்லாத பத்திரிகை. இல்லை, தினமும் பார்த்த பத்திரிகைதான், நான் பார்க்காத பக்கம்.

அம்மாவிடம் சொன்னேன். “வாரத்துக்கு எத்தனை பேரு சாவாங்க?” என்று கேட்டாள். பாதி கிண்டல், பாதி கணக்கு.

ஜூலை 13

இரண்டு எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும், அதுதான் கஷ்டம். வாசலில் நின்று தொண்டையைச் செருமுவேன். ஆனால் ‘அவருக்கு என்ன பிடிக்கும்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், மிச்சத்தை அவர்களே சொல்கிறார்கள். நான் பேச வேண்டியதே இல்லை.

ஜூலை 16

வலைக்கடை ஆல்பி, அவர் அப்பா பவுலியின் நினைவு நாளுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். கால் பக்கம்! பெரிய விளம்பரம். நான் போனபோது ஆல்பி கடையில் இருந்தார். அவர் அம்மா பிரிஜித்தாதான் பேசினாள். பவுலி அவள் கம்மலை விற்றுக் குடித்தது, குடித்துவிட்டுச் சட்டைப் பையில் உயிரோடு நண்டு கொண்டு வந்தது, அது அவள் விரலைக் கடித்தது. சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பிறகு எழுந்து போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள்.

ஜூலை 20

ஐயோ.

ஜூலை 21

எழுதித்தான் தீர வேண்டும். நேற்றுப் பத்திரிகையில் வந்தது இதுதான்:

*கள்ளுக்கடைப் பெஞ்சில் உன் இடத்தில்
யாரும் உட்காருவதில்லையாம்.
வீட்டிலும்
அப்படித்தான்.*

இன்று பூசை முடிந்து கோயில் முற்றத்திலேயே பிடித்துக்கொண்டார் ஆல்பி. “எங்கப்பனை ஜில்லா முழுக்கக் குடிகாரனாக்கிட்டியேடி! பிஷப்பு படிக்கிற பேப்பர்டீ அது!”

ரோஸிலி சேச்சி விடவில்லை. “அவளா ஆக்கினா? உங்கப்பன் பாவம், தன்னால ஆனவரு.”

எல்லோரும் சிரித்தார்கள். அது இன்னும் மோசம். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தால் காற்றுதான் வந்தது.

ஆல்பி ஒரு பைசா தர மாட்டாராம். விளம்பரக் காசு முழுக்க ஜோப் சேட்டன் தலையில். “காசு கொடுக்கறவன் பார்த்துச் சரின்னு சொல்லாம அச்சுக்குப் போகக் கூடாதுடீ. அழுத அந்தம்மாகிட்ட காட்டுனியா? அவளுக்குக்கூடக் காட்டலையா? இனிமே இந்தப் பக்கம் வராத,” என்றார் ஜோப் சேட்டன். அவர் சொன்னது சரி. யார் அழுகிறார்களோ அவர்களுடையது கவிதை என்று நினைத்துவிட்டேன். ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறவர் வேறு.

ஜூலை 23

எல்சி தகரப் பெட்டி வாங்கிவிட்டாள். நான் அம்மாவிடம், சிரிலிடம் என் பெயரையும் கொடுத்துவிடு என்றேன். அம்மா முறத்தை எடுத்து அரிசி புடைக்கத் தொடங்கினாள். ‘அப்பவே சொன்னேன்ல’ என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஜூலை 24

மழை.

ஜூலை 27

பிரிஜித்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள், குடையும் வெற்றிலைப் பையுமாக. மகன் விட்ட குறையைத் தீர்க்கத்தான் வருகிறாள் என்று நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அம்மா இழுத்து வந்து நிறுத்தினாள்.

“எனக்கும் இப்பவே எழுதி வை, மோளே,” என்றாள் பிரிஜித்தா.

எனக்குப் புரியவில்லை.

“நான் போனா அந்தப் பய பதினேழாம் நம்பரைப் போட்ருவான். ‘அன்பின் விளக்கே’ன்னு. நான் எந்த ஜென்மத்துலடீ விளக்கா இருந்தேன்? நான் சொல்றதை எழுது. வாசிச்சுக் காட்டு. நான் ஒத்துக்கிட்டு ஜோப்புகிட்டக் கொடுத்து வைக்கிறேன். ஆல்பி கையெழுத்தும் வாங்கித் தர்றேன், அவன் கடை இடம் இன்னும் என் பேர்லதான் இருக்கு.”

மூன்று மணி நேரம் பேசினாள். பக்கத்து வீட்டுத் திரேசியா, மீன்கார ரெஜினா, அவள் அக்கா எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். “எனக்கு மூக்குத்தியைப் பத்திப் போடணும்.” “எனக்கு மருமகளைப் பத்தி ஒரு வரி, பேர் வேணாம், அவளுக்குத் தெரியும்.” அம்மா எல்லோருக்கும் கட்டன் சாயா போட்டாள். அப்பாகூட அறையிலிருந்து சத்தமாகச் சிரித்தார்.

முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாலு பேர். நாலு பேருக்கும் வாசித்துக் காட்டி அடியில் கையெழுத்து வாங்கினேன். திரேசியாவுக்குக் கைநாட்டு.

ஜூலை 30

ஜோப் சேட்டன் நாலு தாளையும் பார்த்தார். கையெழுத்துகளை வாசித்தார். சிரிக்கக் கூடாது என்று மீசையைக் கடித்துக்கொண்டிருந்தார். “தேதி எங்கடீ?” என்றார்.

“அவங்களுக்கே தெரியாதே சேட்டா.”

ஒரு காலி ஃபைலை எடுத்து என் பெயரை எழுதினார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 1

காலையில் சிரில் வேனோடு வந்தார். வேனில் பன்னிரண்டு பெட்டிகள். எல்சி ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். எனக்கு அழுகை வந்தது. என் பெயரை அம்மா கொடுத்திருந்தாளா இல்லையா என்று அதுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் பயம்.

சிரில் நோட்டைப் புரட்டினார். “உங்க டெல்ஃபி பேரு இதுல இல்லையே? ஒரு சீட் இருக்கு, இப்பவும் ஏறிக்கலாம்.”

“அவ வரல. இங்க வேலை இருக்கு,” என்றாள் அம்மா, கதவில் சாய்ந்துகொண்டு.

“என்ன வேலை?”

“செத்தவங்களுக்கு எழுதறா.”

சிரில் சிரித்தார். “செத்தவங்க சம்பளம் கொடுப்பாங்களா சேச்சி?”

“உயிரோட இருக்கறவங்களே வரிசையில நிக்கறாங்க,” என்றாள் அம்மா. “உனக்கு வேணும்னாலும் சொல்லு. காசு முன்னாடியே வைக்கணும்.”