முள் நின்றால் வண்டியும் நிற்கும்

வெர்னன்,

ஷெட்டுக்குள் போகாதே என்றால் போவாய். போ, ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நில்.

என் அப்பாவின் இம்பாலா காரில் ஏ.சி. குழாய்களிலிருந்த காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சி, வால்வை மூடியிருக்கிறேன். அழுத்தம் காட்டும் கேஜில் முள் நிற்கும் இடத்தில் லிப்ஸ்டிக்கால் கோடு போட்டிருக்கிறேன். நான்கு மணிக்கும் முள் அதே கோட்டில் நின்றால் எங்கும் கசிவில்லை. ஐந்துக்கு வேலை முடிந்து வந்து குளிரூட்டும் கேஸ் ஏற்றிவிடுவேன்.

"டூசான் ஊரு வெயில்ல இந்த அடுப்புக்குள்ள எவன் உக்காருவான்? குளுகுளுன்னு காத்து வந்தா சொல்லு, விக்க மாட்டேன்" என்று என் அக்கா முன்னால் சொன்னது நீதான். அடுத்த நாளே, குழாய்க்குள் ஈரம் சேராமல் காக்கும் புது டிரையர் இரு முனையிலும் மூடியில்லாமல் மேஜைமேல் கிடந்தது. "சும்மா தெறந்து பாத்தேன் டோரீன். மூடி ரெண்டும் எங்கயோ உருண்டு போச்சு" என்றாய். மழைக்காலக் காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்து அது வீணாகிவிட்டது. வேறொன்று வாங்கி மாட்டிவிட்டேன்.

நான்கு மணிக்கு வண்டி பார்க்க ஒருவர் வருவதாகக் காலண்டரில் எழுதியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. வருகிறவருக்கு ஐஸ் டீ கொடு. முள் கோட்டிலேயே நின்றால் வண்டி விற்பனைக்கு இல்லை என்று நீயே சொல்லி அனுப்பு.

பிரிட்ஜில் நீ சாப்பிட என்சிலாடா இருக்கிறது. சூடாக்க ஓவனைப் பற்றவைக்காதே, வீடே கொதிக்கிறது.

டோரீன்

வண்டிச் சாவியை ஆணியில் தேடாதே, என் கைப்பையில் இருக்கிறது.

டிரையர் மூடிகளும் அதில்தான் இருக்கின்றன. நீ சர்ச்சுக்குப் போட்டுப் போகிற கோட்டின் உள்பைக்குள் இரண்டும் உருண்டு போயிருந்தன.