மல்லிகாவுக்கு வைத்த நிபந்தனை

21-8-1978, திங்கள். ஆம்பூர்.

மல்லிகாவை நான் மிரட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனதாகத் தெருவில் பேசுகிறார்கள். பொய். கருவைக் கலைக்க வேண்டும் என்று அவளே கேட்டாள். என் வீட்டில் குடியிருக்கும் கல்யாணமாகாத பெண். ஷூ கம்பெனியில் வேலை. துணைக்குப் போனேன்.

அங்கே முடியாது என்றார்கள். சட்டம் அனுமதிக்கிறதே என்றேன். நர்ஸ் சிரித்தாள். "சட்டம் இருக்குது பெரியம்மா. கலைச்சா கூடவே கருத்தடை ஆபரேஷனும் பண்ணிக்கணும். இங்க அதான் வழக்கம்."

"எனக்கு ஒரு கொழந்தகூட இல்லியே, சிஸ்டர்," என்று மல்லிகா அழுதாள்.

"இன்னாத்துக்கு அழுவுற? வயித்துல இருக்கறதப் பெத்துக்கோ, ஒண்ணு ஆச்சு."

நாளைக்கு மாதனூரில் திருட்டுத்தனமாகக் கலைக்கும் கிழவியிடம் போவாளாம். அங்கே போய்ச் செத்தவளை எனக்குத் தெரியும்.

காலையில் முதல் வேலையாக ஆஸ்பத்திரி டாக்டரிடம் இதை எழுதிக் கொடுப்பேன்: கருத்தடைக்குச் சம்மதிக்காதவளைத் திருப்பி அனுப்பச் சொல்லும் விதி எது? எழுத்தில் பதில் தரவும்.