கொஞ்சிக் கூப்பிட்ட மரம்

அன்பு மனைவிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? அத்தையையும் விசாரித்ததாகச் சொல்.

இந்தக் காட்டு மாளிகையில் கதவு வேலை இன்னும் முடிந்தபாடில்லை. மரங்களுக்குத் தச்சன் வாடையே ஆகாது. நான் அடித்த கீலை மறுநாளே வேர் நுழைந்து பிடுங்கிப்போடுகிறது. மற்றபடி குறையில்லை. சமையல்கார அக்கா செத்து வெகுகாலமாகிறது. கைப்பக்குவம் மட்டும் போகவில்லை. காவல் காக்கும் ஓநாயை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் ஒரு வேடிக்கை, பயப்படாதே. வாசலுக்கு வெளியே அச்சு அசலாக உன் குரல்.

"என்னங்க, உங்களைப் பார்க்கணும்போல இருக்கு. கொஞ்சம் வெளிய வாங்களேன்."

உளியைப் போட்டுவிட்டு ஓடினேன். மாமா பாய்ந்து வந்து என் சட்டையைக் கவ்வி இழுத்தார்.

"போகாதீங்க மாப்ளே! அது மரம். போனவங்க யாரும் திரும்பினதில்ல."

அக்கா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "உன் பொண்டாட்டி என்னைக்காவது இப்படிக் கொஞ்சிக் கூப்பிட்டிருக்காளா?"

யோசித்துப் பார்த்தேன். நீயாக இருந்தால், "காது என்ன செவிடா? எத்தனை வாட்டி கூப்பிடறது?" என்றல்லவா கேட்டிருப்பாய்! மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனாலும் இன்றைக்கும் சாயங்காலம் கதவோரமாகவே உட்கார்ந்து இழைப்புளியைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

மாமா தபாலுக்குக் கிளம்பி நிற்கிறார். தலைவலித் தைலம் ஒரு குப்பி அனுப்பு. கூடவே என்னை நன்றாகத் திட்டி ஒரு கடிதம் எழுது, ஒன்றுவிடாமல். இவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நீ நிஜமாகவே வந்து கூப்பிடும் நாளில், அடையாளம் தெரிந்து கதவைத் திறக்க வேண்டுமே.

இப்படிக்கு,
உன் செவிடன்