காய் கெட்டியான வாரம்

என் ஆசை அக்கா,

நாமக்கல்லில் வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. நம் குஞ்சுப் பொரிப்பகத்தில் நேற்று பொரிந்த குஞ்சுகள் போடும் சத்தத்தில் போன் பேச முடியவில்லை. நீ இருந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடியிருப்பாய். உன் காபி விதை விஷயமாகப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

காபிக் கொட்டைக்குள் இருக்கும் சேமிப்புப் புரதத்துக்காக ஒருத்தி கொல்லிமலைக்கும் ஆய்வகத்துக்கும் அலைவாளா என்று உன்னை எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன்! "முட்டைக்குள்ள குஞ்சுக்குத் தீனி இருக்கில்ல, அதே மாதிரி முளைக்கப்போற செடிக்கு விதை கட்டிக் குடுக்கற சோறு சாமி இது" என்றாய். வறுக்கும்போது வரும் வாசனையிலும் அதற்குப் பங்கு உண்டு என்றாய். அதற்குப் பிறகு நான் காபியைச் சும்மா குடித்ததில்லை. எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல உன்னைவிட்டால் யார்?

பங்குனியில் ஒரே நாளில் பூத்த கிளைகளுக்கு நூல் கட்டி, வாரம் தவறாமல் காய் பறித்தாய். பறித்ததும் உறைய வைக்காவிட்டால் புரதம் சிதைந்துவிடும். அதற்கு, நம் குஞ்சுகளின் தடுப்பூசியை உறையவைத்திருக்கும் திரவ நைட்ரஜன் கேனையே தூக்கிப் போன கெட்டிக்காரி நீ. ஆவணியில் ஒரு காலையில் மாரடைப்பு வந்து போய்விட்டாய். அந்த வாரக் காய் கிளையிலேயே இருந்தது. ஒரு வாரம் விட்டால் வரிசை அறுந்துவிடும், வருடம் முழுக்கப் பாடுபட்டது வீண் என்று நீதானே சொல்வாய்?

"காரியங்கூட முடியல, மலைக்குப் போறேங்கறயே?" என்று அம்மா அழுதாள்.

"காய் நமக்காக நிக்காதும்மா" என்றேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அப்புறம், "கேனை எடுத்துக்க சாமி. பத்தரமாப் போயிட்டு வா" என்றாள்.

முட்டையைத் தரம் பிரித்தே பழகிய கை, என்ன செய்யும்? பெரிய காயாகப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். உன்னோடு வேலை செய்த கலா தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஏனுங்க, சந்தைக்கா அனுப்பறோம்? சின்னது பெருசு எல்லாம் கலந்து வேணுங்க, இல்லீனா கணக்குத் தப்பிருமுங்க." மறுநாளே திரும்ப மலை ஏறினேன். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அதன்பின் காய் பழுக்கும்வரை ஒரு வாரமும் விடவில்லை.

இனி செய்தி. எல்லா வாரக் காய்களின் புரதத்தையும் கலா, புரதங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிக் காட்டினாள். வாரத்துக்கு ஒரு வரிசை. அதில் ஒவ்வொரு புரதமும் ஒரு நீலக் கோடாகத் தெரிகிறது. விதை இன்னும் பாலாக இருந்த வாரங்களில் நீ தேடிய கோடு இல்லை. கெட்டிப்படும்போதுதான் அது வரும் என்று எல்லோரிடமும் சாதித்தாயே, அப்படியே வந்திருக்கிறது. முதன்முதலாக அது தெரிவது நீ எங்களை விட்டுப் போன அந்த வாரத்துக் காயில்தான்.

நானும் கலாவும் ஓவென்று அழுதுவிட்டோம். எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறாய் அக்கா! பார்க்க நீ இருந்திருக்கக் கூடாதா?

"ஒரு வருசத்துக் காய் பத்தாதுங்க, இன்னொரு வருசமும் பாக்கோணும்" என்கிறாள் கலா. மலையில் மொட்டுகள் மழைக்குக் காத்திருக்கின்றன. இதைப் பற்றி வரப்போகும் ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையதுதான். நீ இல்லை என்று காட்ட, பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி போடுவார்களாம். அதற்கு மட்டும் என் மனசு இன்னும் ஒப்பவில்லை.

பூத்த அன்றைக்கே நூலோடு மலை ஏறிவிடுவேன். உன் வேலையைப் பாதியில் விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்த சின்னவள்