ஜெபப் பெட்டியில் கிடந்த சீட்டு

கர்த்தருக்குள் நான் கூடப்பிறந்தவளாகவே நினைத்து, எறும்பு என்று செல்லமாகக் கூப்பிடுகிற உனக்கு, அக்கா எழுதுவது. நீயும் அம்மாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம், என் ஒருத்தியைத் தவிர.

போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ எடுத்ததும் "அக்கா, சாப்ட்டீங்களா?" என்பாய். நானும் சாப்பிட்ட கதையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. கை முறிந்த பெரியவருக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். நேற்று வீட்டுக்கே போய்ப் பார்த்தேன், அவரே கதவைத் திறந்தார். சர்க்கரையே இல்லாத மனுஷனுக்கு வேறொருவர் ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரை கொடுத்து, அவர் மயங்கிக் குளியலறையில் விழுந்தாரே, அந்த ரிப்போர்ட் மாறியது உன்னால் இல்லை. என்னால்.

அந்தச் சனிக்கிழமையை நினைத்துப் பார். லேபில் கடைசித் தட்டு. பாடகர் குழுப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று நான் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். இரத்தம் எடுத்துவைத்த கண்ணாடிக் குழாய்களில் பாதிக்கு நான் பெயர் ஸ்டிக்கர் ஒட்டினேன், மீதிக்கு நீ. "நீங்க கெளம்புங்கக்கா, முழுத் தட்டுக்கும் நானே கையெழுத்து போட்டுக்கறேன்" என்றாய். என் பாதியில் ஒரு ஸ்டிக்கர் கோணலாக விழுந்தது. மூலை கிழிய உரித்துத் திரும்ப ஒட்டினேன். அந்த அவசரத்தில்தான் அதுவும் பக்கத்துக் குழாயின் ஸ்டிக்கரும் இடம் மாறிப்போயின. விசாரணைக்கு முன்னால் லேப் சீஃப் அந்தக் குழாயை மேஜையில் வைத்தபோது, கிழிந்த மூலையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

உன்னை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கர்த்தாவே, இந்த ஒரு தடவை நான் மாட்டாமல் காப்பாற்றும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கதவு திறந்தது. நீ அழுதுகொண்டே வந்தாய். கையெழுத்து உன்னுடையது, அதனால் நீயாகத்தான் இருக்கும் என்று நீயே ஒப்புக்கொண்டாயாம். உன் கண்ணீரைப் பார்த்தபிறகு, எறும்பு, பார்த்தபிறகுதான், என் மனம் ஸ்தோத்திரம் என்றது. சீ, நானும் ஒரு மனுஷி!

உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள், நீ ஊருக்குப் போய்விட்டாய். நான் அதோடு விட்டேனா? அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, வேலையில் வந்த பெரிய ஆபத்திலிருந்து கர்த்தர் என்னை விடுவித்தார் என்று சொன்னேன். சபையே கைதட்டியது. போதகரின் மனைவி என்னைக் கட்டிக்கொண்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதற்கு நான் ஆராதனையே நடத்திவிட்டேன்.

போன ஞாயிறு வழக்கம்போல சபையில் ஜெபப் பெட்டியைத் திறந்து விண்ணப்பச் சீட்டுகளை வாசித்தேன். பரீட்சை, வீடு, மூட்டுவலி. நான்காவது சீட்டில் பெயர் இல்லை. எங்கள் சபைக்கு வரும் உன் சித்தி உனக்காகக் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். ஆறு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு உன் எழுத்து தெரியாதா? உன் கவனக்குறைவால் ஒரு பெரியவர் விழுந்துவிட்டார், எப்படிச் செய்தாய் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை, தேவன் உன்னை மன்னிக்க ஜெபிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். சத்தமாக வாசித்தேன். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

அன்றைக்கு நேரே வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மனுஷன் திட்டுவார் என்று பார்த்தேன். "அவளுக்கு எப்போ சொல்லப்போற?" என்று மட்டும் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை வேறு மாதிரி ஜெபித்தேன். மாட்டாமல் காப்பாற்றும் என்று கேட்கவில்லை. உண்மையைச் சொல்ல வாயை மட்டும் கொடும், அப்புறம் உம் பாடு என்றேன். புதன்கிழமை சீஃப் முன்னால் நின்றேன். கேட்டபடியே வாய் வந்தது. "இவ்வளவு நாளா வாயில என்னம்மா வச்சிருந்தீங்க?" என்றார். என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். உன்னைத் திரும்பக் கூப்பிட்டுக் கடிதம் அனுப்புகிறார்கள். ரோஷப்படாமல் வா. ஜன்னலோரத்து ஸ்டூல் உன்னுடையதுதான்.

வரும் ஞாயிறு சாட்சி நேரத்தில் மறுபடி எழுந்திருப்பேன். இந்தத் தடவை யாரும் கைதட்ட மாட்டார்கள். பரவாயில்லை, அங்கேயும் கர்த்தர் கூட நிற்பார் என்று நம்புகிறேன்.

என்னை மன்னி என்று உடனே கேட்க எனக்கு முகமில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். காலையும் மாலையும் முழங்காலில் நின்று நீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாய். உன்னைத் தெரியும் எனக்கு. அந்த ஜெபத்தை இன்றோடு நிறுத்திவிடு, கண்ணு. அது என்னுடையது. என்னிடம் கொடுத்துவிடு.

கர்த்தர் உன்னைத் தேற்றுவாராக.

நீ இன்னும் கூப்பிடுவாயானால்,
உன் அக்கா